நெற்றியில் விழுந்த கோடு

இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது நான் பழகிய தொழில் ஓப்செட் அச்சு மெஷின் ஓட்டுவது. போர் முடிந்து ஊர் திரும்பியதும் மன்னார் டவுனில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. கொழும்பில் யாரோ ஓட்டிக் களைத்து விற்ற மெஷின். உப்புக்காற்றில் கவனிக்காமல் விட்டால் துருவேறிவிடும். அதனால் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அச்சடிப்பதில்லை. ரோலர்களை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவேன், எண்ணெய் போடுவேன், பிளாங்கட்டைத் துடைத்துத் தடவிப் பார்ப்பேன். உருளையில் சுற்றியிருக்கும் ரப்பர் விரிப்புத்தான் பிளாங்கட். பிளேட் என்ற தகட்டில் உள்ள படம் அதில் பட்டுத்தான் தாளுக்கு வரும். அதில் பள்ளம் விழுந்தால் தாளில் அந்த இடம் வெள்ளையாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை அந்த வேலையைச் செய்யவில்லை. விடத்தல்தீவில் எங்கள் காணியில் கண்ணிவெடி எடுத்து முடிந்துவிட்டது, வந்து பார்க்கலாம் என்றார்கள். மெஷினை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். காணியில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது.

திங்கட்கிழமை ஓர் அம்மா மகனுடைய படத்தோடு வந்தார். போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். அடுத்த நாள் காணாமல் போனோர் விசாரணைக்கு வவுனியா போகவேண்டும், நோட்டீஸ் அன்றைக்கே வேண்டும் என்றார்.

முதல் தாள்களிலேயே கண்டேன். பிள்ளையின் இடது புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. வெள்ளிக்கிழமை கசங்கிய தாள் ஒன்று உள்ளே இழுபட்டுப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை தடவியிருந்தால் விரலுக்கே தெரிந்திருக்கும். கொழும்புக்குச் சொல்லிப் புதியது எடுத்திருக்கலாம். பிளாங்கட்டுக்கு அடியில் மெல்லிய தாள் வைத்து உயர்த்திப் பார்த்தேன். கோடு ஒடுங்கியதே தவிரப் போகவில்லை.

"பரவாயில்லைத் தம்பி, ஆள் தெரியுதுதானே. அடியுங்கோ" என்றார் அந்த அம்மா.

அடித்துக் கொடுத்தேன். பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரி மதிலிலும் ஒட்டினார்கள்.

இரண்டு கிழமை கழித்து, மடுப் பக்கமிருந்து வேறொரு பெண் அந்த நோட்டீசைக் கையில் பிடித்தபடி அச்சகத்துக்கு வந்தார்.

"இது இங்கயோ அடிச்சது?"

"ஓம் அம்மா."

"இது என்ர மகன். நெத்தியில தழும்பைப் பாருங்கோ. சின்னனில கிணத்துக் கட்டில விழுந்தவன்."

"அம்மா, அது தழும்பில்லை. மெஷினில வந்த பிழை. பேரும் வேறதானே போட்டிருக்கு?"

"பயத்தில பேரை மாத்திச் சொல்லியிருப்பான். இந்தப் படம் எங்க எடுத்தது? அதை மட்டும் சொல்லுங்கோ."

பழைய பிளேட்டைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதில் நெற்றி சுத்தமாக இருந்தது. கழற்றி எறிந்திருந்த பிளாங்கட்டைக் கொண்டுவந்து, அவருடைய விரலைப் பிடித்துப் பள்ளத்தில் வைத்துக் காட்டினேன். அவர் இரண்டையும் தடவினார். பிறகு நோட்டீசைப் பார்த்தார்.

"அதில இல்லாட்டியும் இதில இருக்குதே தம்பி" என்றார்.

படத்தின் சொந்தக்காரி யார், எந்த ஊர் என்று சொன்னேன். போய்ப் பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்று தலையசைத்தார். "அவ தன்ர பிள்ளை எண்டு சொன்னா, நான் பிறகு எங்க போறது?" என்று கேட்டுவிட்டு, நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை. முதலாளி என்னைப் பொறுப்பான ஆள் என்று மற்றவர்களிடம் சொல்வார். கேட்கும்போது நான் ரோலர் பக்கம் திரும்பித் துடைக்கத் தொடங்கிவிடுவேன்.

அடுத்த வருடம் பஸ் நிலையத்தில் அந்த மடுப் பக்கத்துப் பெண்ணைக் கண்டேன். நோட்டீசில் அச்சான பெயரைப் பேனையால் வெட்டி, மேலே வேறு பெயர் எழுதி, ஒவ்வொரு கொண்டக்டரிடமும் நீட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போகவில்லை. என்னுடைய பஸ் வரும்வரை தேத்தண்ணிக் கடைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.