வெள்ளரிக்காய் ஜாடிச் சோதனை

லுத்விக் சின்தசைசர் என்கிற மின்னிசைக் கருவி வாங்கும் லட்சணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடையில் நின்றபடியே பத்து விரலாலும் தட்டிப் பார்த்து, "ஆகா, அற்புதம்" என்று தலையாட்டி வாங்குகிற ஆள் அல்ல அவர். கருவியை வீட்டுக்குத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் வைப்பார். உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய் ஜாடியை எடுத்து இரண்டு மூன்று கட்டைகளை அழுத்தும்படி அதன்மேல் நிறுத்துவார். ஒலி கிளம்பி இரைந்துகொண்டே இருக்கும். அவர் பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விடுவார்.

"முதல் நிமிஷத்துல எல்லாக் கருவியும் தேனாத்தான் பேசும், விருந்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி. தங்க ஆரம்பிச்சாத்தானே சாயம் வெளுக்கும்?" என்பார். "ஒலிக்கும்போது அது இருக்கறதே மறந்துபோகணும். நின்னதும், 'ஏன் நின்னுச்சு?'ன்னு கேக்கணும். அதுதான் நம்ம கருவி."

இது கிறுக்குத்தனம் என்று நினைத்தால் அவர் வேலை என்னவென்று தெரியாதவர்கள் நீங்கள். ஊர்க் கோளரங்கத்தில், கூரை முழுக்க நட்சத்திரங்கள் சுற்றும்போது, பின்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதற்கு ஒலி கொடுப்பவர் அவர். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. நட்சத்திரம் நகர்வதைக் கண்ணால் பிடிக்க முடியுமா? சற்றுக் கழித்து அண்ணாந்தால் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஒலியும் அப்படித்தான் மாற வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி ப்ரோன்கா ரொட்டிக் கடையில் காலை வேலை முடித்து வருபவள். அவளுக்கு இந்தக் கட்சியெல்லாம் ஒத்துவராது.

"கல்யாணமானதுல இருந்து வீட்டுல ஒரே இரைச்சல். எப்ப நிறுத்தப் போற?" என்பாள். முப்பது வருஷமாக அந்த ஒரே கேள்விதான். கோளரங்கத்துக்கு வா என்று கூப்பிட்டால், "இங்க ஓசியில கேக்கறது பத்தாதா? அதுக்கு டிக்கெட் வேறயா?" என்று சிரிப்பாள். ஒரு தடவைகூடப் போனதில்லை, மகராசி.

இந்த இலையுதிர் காலத்தில் கோளரங்கத்தின் பழைய சின்தசைசர் மூச்சை நிறுத்தியது. டைரக்டரம்மா சபீனா லுத்விக்கைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே நல்ல சேதியாக இருக்காது.

"புதுசா ஒண்ணு வாங்கலாம், லுத்விக் சார். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. போன வசந்தத்துல இருந்தே ஒலி காதைக் குத்துதுன்னு புகார் வருது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க காதைப் பொத்திக்கறதை நானே பார்த்தேன். புதுக் கருவியிலயும் அப்படித்தான்னா, பதிவு பண்ணின இசையை வாங்கிப் போட்டுக்கறோம். நீங்க டிக்கெட் கவுண்டருக்கு வந்துடுங்க."

"கருவிக்கு வயசாச்சுங்க, அதான் கீச்சுன்னு கத்துது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார் லுத்விக். கவுண்டராம் கவுண்டர்! ஆயுசு முழுக்க வானத்துக்குக் குரல் கொடுத்தவரைச் சில்லறை எண்ணச் சொன்னால் வயிறு எரியாதா?

கடைக்கார மாரெக் மூன்று கருவிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னான். முதலில் வந்தது, இரண்டு பக்கமும் மரப்பலகை பதித்த கனத்த கருவி. வெண்ணெய் தடவிய ரொட்டி போன்ற தடித்த குரல். ஜாடி ஏறியது. லுத்விக் ஒரு சட்டிக் கிழங்கை உரித்து முடித்துவிட்டு வந்து கேட்டார். ஒலி கிளம்பிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"நல்ல சாரீரம். ஆனா சொன்னதையே சொல்லுது, உங்க அக்கா மாதிரி."

"எங்க அக்கா சொன்னதையாவது சொல்றா. உங்க அண்ணன் வாங்கின கடனைப் பத்தி வாயே திறக்கறதில்ல" என்றாள் ப்ரோன்கா. முதல் கருவி திரும்பிப் போயிற்று.

இரண்டாவது கருவி பார்க்க மெலிசு, உள்ளே மாயாஜாலம். ஒரே ஒலி கண்ணாடியாக இருக்கும், பித்தளையாக மாறும், பனியாகக் கரையும். லுத்விக்குக்குப் பிடித்துவிட்டது. கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. ஒலியைக் கூர்மையாக்கும் ஃபில்டர் குமிழைத் திறந்தார். அப்போதும் மங்கல். இன்னும் திறந்தார். கடைசியில், கேட்க ஆசைப்பட்ட அந்த மினுமினுப்பு எட்டிப் பார்த்தது.

"இப்பத்தான் உயிரு வந்துச்சு" என்று ஜாடியை வைத்தார்.

ப்ரோன்கா கழுத்துத் துண்டைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதுவும் பற்றாமல், கொட்டுகிற மழையில் அடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். வழக்கமான முறைப்புதானே என்று லுத்விக் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது வந்தபோது அவர் மனசில் ஏற்கெனவே முடிவு ஆகியிருந்தது. சாம்பல் நிறம், டெலிபோன் ஆபீஸ் பெட்டி போன்ற முகவெட்டு. உள்ளே ஒலியை மெதுவாக ஆட்டிவிடும் ஊஞ்சல் போன்ற சுற்றுகள் நிறைய உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு வேகம், எனவே ஒலி ஒருபோதும் பழைய இடத்துக்குத் திரும்பாது என்று மாரெக் அளந்திருந்தான். ஜாடியை வைத்தார். வெறும் 'ம்ம்ம்'. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து கேட்டார். அதே 'ம்ம்ம்'.

"பொணம்" என்றார். "இதைத் திருப்பிக் குடுத்துட்டு ரெண்டாவதையே வாங்கிடறேன்."

பியெரோகி கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்த ப்ரோன்கா தலையைத் திருப்பினாள்.

"பொணமா? தூரத்துல யாரோ கரண்டியெல்லாம் கழுவி அடுக்கற மாதிரி ஒண்ணு கேக்குதே. இதோ, சன்னமாகுது. இப்ப அந்தப் பக்கம் போகுது பாரு."

"எங்க கேக்குது?"

"மேல, ரொம்ப உச்சத்துல. மெல்லிசா."

லுத்விக் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தார். கண்ணை மூடினார். ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து அடுப்பில் கெட்டில் விசிலடித்தது. ப்ரோன்கா நகரவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஸ்பீக்கரை விட்டு நிமிரவில்லை. மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கொட்டியது. அப்போதும் நிமிரவில்லை.

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் தோளைத் தொட்டாள்.

"கெட்டில் கத்துச்சு. கேக்கலையா?"

"எப்ப?"

"அட கடவுளே. எழுந்திருக்கச் சோம்பேறித்தனம்னு இல்ல நெனச்சேன்! ஒரு வருஷமா திட்டித் தீர்த்துட்டேனே."

லுத்விக்குக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கீச்சென்ற மேல் ஒலிகள் காதில் விழாததால், தனக்குக் கேட்கிற வரைக்கும் குமிழைத் திறந்துகொண்டே போயிருக்கிறார். தன் காதுக்கு அது மினுமினுப்பு, குழந்தைகளின் காதுக்கு ஊசி.

"அந்தப் பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டது என்னாலயா, ப்ரோன்கா? பாவி, கருவி மேலயே பழியைப் போட்டுட்டேனே."

சமையல்காரனுக்கு நாக்கு செத்துப்போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு. அழுதார். அழுததை மறைக்கவும் இல்லை.

தடவிக்கொடுத்துத் தேற்றுகிற ரகம் அல்ல ப்ரோன்கா. கையிலிருந்த மாவைத் துடைத்தாள், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒப்பாரி போதும். எனக்கு ரெண்டும் பாம்புக் காது. உன் இரைச்சல்லயே ஊறின காது. திருகு, சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டுச் சமையலறையில் நடந்த கூத்து இருக்கிறதே! இவர் திருகுவார், அவள் மாவு பிசைந்தபடியே கத்துவாள். "குறை... இன்னும் குறை... ஐயோ பல்லு கூசுது... ஆங், அங்கேயே விடு." இரண்டாவது கருவியை மறுபடி வைத்துப் பார்த்தபோது, சற்று நேரத்திலேயே உதட்டைப் பிதுக்கினாள். "இது சுத்திச் சுத்திச் செக்கு மாதிரி வருது. அந்தச் சாம்பல் பெட்டியே தேவலாம். அதுக்குத்தான் போற வழி தெரியுது." லுத்விக் வாயைப் பிளந்தார். ஜாடிச் சோதனையின் சாரமே அதுதான், அவர் ஒரு நாளும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

டைரக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"சாம்பல் கலர்ல ஒண்ணு இருக்கு, அதை வாங்கிடுங்க. அப்புறம், என் பக்கத்துல இன்னொரு நாற்காலி வேணும்."

"யாருக்கு?"

"என் காதுக்கு."

பிறகு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். சபீனா பேனாவால் நாட்காட்டியில் ஒரு நாளைச் சுழித்தார். "சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றாங்க. அன்னிக்கும் காதைப் பொத்தினாங்கன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

சனிக்கிழமை ப்ரோன்கா ஞாயிறு பூசைக்குப் போவதுபோல் நல்ல கோட்டைப் போட்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒலி மேலே எகிறினால் லுத்விக்கின் கையைக் கிள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. விளக்குகள் அணைந்தன. நட்சத்திரங்கள் எழுந்தன. லுத்விக் கட்டைகளின்மேல் ஜாடியை வைத்தார்.

முதல் கிள்ளு நறுக்கென்று விழுந்தது, சதை பிய்ந்துவிட்டதோ என்று துள்ளினார். குமிழைக் குறைத்தார். இரண்டாவது கிள்ளு மெதுவாக விழுந்தது. அதற்குப் பிறகு கிள்ளே இல்லை. நன்றாகத்தான் போகிறதா, இல்லை அசந்து தூங்கிவிட்டாளா? திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. நட்சத்திர வெளிச்சத்தில் பிள்ளைகளின் தலைகளைப் பார்த்தார். எல்லாம் அண்ணாந்திருந்தன. ஒரு கைகூடக் காதுக்குப் போகவில்லை. டைரக்டரம்மாவும் கதவோரம் அண்ணாந்தபடிதான் நின்றுகொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்து வானம் மேற்கே சாய்ந்து, குளிர்கால வானம் ஏறியது. காட்சியின் கடைசியில், விளக்கு வருவதற்கு முன்னால், ஒலியை விட்டுவிடுவது அவர் வழக்கம். ஜாடியைத் தூக்கினார். ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது.

அந்த அமைதியில், தேவைக்கு மேல் உரக்க, ப்ரோன்காவின் குரல் கேட்டது.

"ஏன் நிறுத்திட்ட?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். லுத்விக் சிரிக்கவில்லை. இருட்டில் தடவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விளக்கு வந்த பிறகும் விடாமல் உட்கார்ந்திருந்தார்.