ஒற்றைக் கட்டையில் ஓடிய டிராக்டர்

ஏழாம் வகுப்பில் படித்தபோது நான் மோட்டாரில் ஓடுகிற ஒரு டிராக்டர் செய்தேன். அப்போது நாங்கள் குடியிருந்த லயம், தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, கேரளத்தில் சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், ஆளுக்கொரு பொருள் செய்துகொண்டு வர வேண்டும் என்று சார் சொன்னார். நான் கை தூக்குவதற்குள் எரிமலைக்கு நாலு பேர், தண்ணீர்ச் சக்கரத்துக்கு ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். தினமும் கண்ணால் பார்க்கிற எதையாவது செய் என்றார் சார். நான் தினமும் பார்த்தது கொழுந்து ஏற்றிப்போகும் டிராக்டரைத்தான்.

முந்தின வருஷ மழைக்காலம் வரைக்கும் அந்த டிராக்டரை ஓட்டியவர் என் அப்பா. ஒருநாள் சாயங்காலம், எடுத்த கொழுந்து முழுவதையும் ஒரே நடையில் ஃபாக்டரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் டிரெய்லரில் சாக்குகளை உயரமாக அடுக்கச் சொன்னார். மழை பிடித்துக்கொண்டதால் பெண்கள் சிலரும் சாக்குகளின்மேல் ஏறிக்கொண்டார்கள். ஒரு வளைவில், பாதையின் ஓரம் தாழ்ந்திருந்த இடத்தில் டிரெய்லர் கவிழ்ந்தது. மற்றவர்கள் தேயிலைச் செடிகள்மேல் விழுந்து பிழைத்தார்கள். அடியில் சிக்கியவள் என் அத்தை. அப்பாவுக்கு ஒரே தங்கை.

டிரைவர் வேகமாக ஓட்டியதால் நடந்தது என்று ஆபீசில் ஒரு காகிதம் எழுதினார்கள். அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரை ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். காகித விஷயமெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தையின் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது, அப்பா பாதிச் சோற்றில் எழுந்துபோனால் ஏன் என்று கேட்கக் கூடாது, இவ்வளவுதான்.

டிராக்டர் செய்யப் போகிறேன் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வேற எதாச்சும் செய்யேன் புள்ள" என்றாள். அப்பா தட்டைப் பார்த்தபடியே, "செய்யட்டும்" என்றார்.

அம்மா கூட்டிப் பெருக்கும் பங்களாவில் குப்பைக்குப் போக இருந்த பொம்மைக் காரிலிருந்து மோட்டார் கிடைத்தது. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்தேன். குடைக் கம்பி அச்சாயிற்று. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக, சைக்கிள் டியூபிலிருந்து மெல்லிய வளையம் ஒன்று நறுக்கி மாட்டினேன். முதலில் வண்டி பின்னால் போனது. வயரை மாற்றிக் கொடுத்ததும் முன்னால் போனது. தேயிலைப் பெட்டிப் பலகையில் டிரெய்லர். அதற்கு ஏற்ற, கிழிந்த பாவாடைத் துணியில் மணல் நிரப்பிக் குட்டிச் சாக்குகள். டார்ச்சுக்குப் போடும் பேட்டரிக் கட்டை இரண்டை அப்பாவே வாங்கி வந்து கொடுத்தார்.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயத்துக்குப் பின்னால் தாழ்வாரத்தில் மண்ணைக் குழைத்து ஒரு பாதை போட்டேன். எஸ்டேட் பாதை மாதிரியே இருக்கட்டும் என்று ஓரிடத்தில் ஓரத்தை அமுக்கித் தாழ்த்தினேன். மூன்று சாக்கு ஏற்றியபோது வண்டி ஒழுங்காகப் போனது. ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு அடுக்கியதும், ஓரம் தாழ்ந்த இடத்தில் டிரெய்லர் கவிழ்ந்தது. எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கவிழ்ந்து கிடந்த டிரெய்லரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னொருக்கா விடு தாயி" என்றார். விட்டேன். கவிழ்ந்தது.

"ஒரு கட்டையக் கழட்டிரு. மெதுவாப் போகட்டும்."

வயரை ஒற்றைக் கட்டையில் கொடுத்தேன். வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்து போய், அதே இடத்தில் கவிழ்ந்தது. அப்பா சாக்குகளைத் தன் கையாலேயே அடுக்கினார். மறுபடி விடச் சொன்னார். மறுபடி. விறகு தள்ளிக் காய்த்துப்போன அவர் விரல்கள் ஒவ்வொரு தடவையும் சாக்கை நேராக்கி வைத்தன. சமையற்கட்டு வாசலில் அம்மா வந்து நின்றாள். கட்டை தீர்ந்துபோகும் என்று நான் முனகியது யார் காதிலும் விழவில்லை. ஒரு கட்டை முடிந்ததும் அடுத்த கட்டையை மாட்டச் சொன்னார். அதுவும் ஓய்ந்தபோது சாயங்காலமாகியிருந்தது.

"மெதுவாத்தான் போச்சு, இல்ல?" என்று அப்பா கேட்டார்.

"ஒத்தக் கட்டைல அப்படித்தான் போகும்" என்றேன் எரிச்சலோடு.

அன்றைக்கு அப்பா இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா பரிமாறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கட்டைக் கவலைதான். விடிந்தால் கண்காட்சி. புதுக் கட்டை வாங்கக் கடைக்குப் போக நேரமில்லை. தீர்ந்ததை அடுப்போரம் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன்.

கண்காட்சியில் என் டிராக்டர் ஒரு சாண் தூரம் நகர்ந்து நின்றுவிட்டது. பார்க்க வந்தவர்கள் அடுத்த மேசைக்குப் போனார்கள். எரிமலைகளில் மூன்று புகை விட்டுக்கொண்டிருந்தன. சார் என் தலையைத் தொட்டு, பரவாயில்லை என்று மலையாளத்தில் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, ஓடுச்சா?" என்று கேட்டார். அந்த ஒரு வருஷத்தில் அவர் தானாக வந்து என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"எல்லாம் ஒங்களாலதான்" என்றேன்.

அப்பா செம்பைக் கீழே வைத்தார். ஈரக் காலோடு அப்படியே நின்றார்.

"ஆமா தாயி" என்றார் மெல்ல. "என்னாலதான்."

உள்ளே இருந்து ஓடிவந்த அம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. கட்டையைத் தீர்த்தது தான்தான் என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு என்னை எதற்கு அடித்தாள் என்று கேட்டுக் கேட்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.