சிவப்புப் பட்டனை இடம் மாற்றியவர்

கீழ்வீட்டுக்காரரின் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். கணவர் அவர் பக்கத்தில் மண்டி போட்டு, இஞ்ச் டேப்பின் ஒரு நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு, மறு நுனியை அவருடைய முழங்கை வரை தூக்கிப் பிடிக்கிறார். வெங்காயக் காரம் இவர் கண்ணையும் விடவில்லை. எண்ணைப் படிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்.

"கொஞ்சம் அசையாம நில்லேன்."

"அசையாம எப்படிங்க நறுக்கறது?"

"சரி, நீ பாட்டுக்கு நறுக்கு. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோ."

"இந்தப் படிப்புல சேர்ந்ததுல இருந்தே அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

அந்த வீட்டுச் சமையல் மேடை பழைய உயரத்தில் இல்லை. நறுக்கும்போது மனைவி குனிகிறார், முதுகு வலிக்கிறது என்று கணக்குப் போட்டு, பலகை அடித்து இவரே உயர்த்திவிட்டார். முதுகு வலி போயிற்று. ஆனால் அடுப்பும் அதே மேடையில்தானே இருக்கிறது? இப்போது பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க அந்த அம்மாள் ஒரு முக்காலி மேல் ஏறி நிற்கிறார். "நறுக்கறதுக்கு ரொம்ப வசதி. வெந்துச்சான்னு பார்க்கத்தான் மாடி ஏறணும்" என்று என்னிடம் சொன்னார். நான் மேல்மாடியில் குடியிருப்பவன். இவரிடம் போய் அதைச் சொன்னால், தாடையைத் தடவிக்கொண்டே, "அதுவும் சரிதான்" என்றார். சண்டை போடுபவரோடு சண்டை போடலாம், எல்லாவற்றுக்கும் அதுவும் சரிதான் என்பவரை என்ன செய்வது? மறுநாள் அந்த முக்காலியின் உயரத்தையும் அளந்துகொண்டிருந்தார்.

நானும் அவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். பெரிய சலவை ஆலை. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, ரோலரில் தேய்த்து, மடித்து அனுப்புவோம். நான் ஸ்டோர் பார்க்கிறேன். அவர் பராமரிப்பு ஃபோர்மேன். ஆலையில் அவருக்கு இஞ்ச் டேப் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் அவருக்கும் தெரியும்.

அவர் படிப்பது மனிதக் காரணிகளும் பணிச்சூழலியலும். ஒரே மூச்சில் சொல்ல அவருக்கே இன்னும் வரவில்லை. வேலைக்கு ஏற்றபடி ஆளை வளைக்காமல், ஆளுக்கு ஏற்றபடி வேலையை அமைக்கச் சொல்லித் தரும் படிப்பு என்று எனக்கு விளக்கினார். வேலையை விடாமல் படிக்கலாம். மாலையில் செல்போனில் வகுப்பு. பருவத்துக்கு ஒருமுறை ரயில் ஏறிப் போய்ப் பல்கலைக்கழகத்தில் நேர் வகுப்பு. கழுத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை, தொடையில் செல்போனை வைத்து, கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டதை நானே பார்த்தேன். சொன்னேன். சட்டென்று நிமிர்ந்தார். படம் தெரியவில்லை. மறுபடி குனிந்தார்.

கூடப் படிப்பவர்களோ பெரிய பெரிய ஆட்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருவர், கார் சீட் வடிவமைக்கும் பெண் ஒருத்தி. நடுவில் நம் சலவைக்காரர். நேர் வகுப்புக்குப் போகும்போது ஒரு சந்தேகத்தோடு போவார், திரும்பும்போது ஒரு மூட்டை சந்தேகம் கட்டிக்கொண்டு வருவார். ஒருமுறை வந்ததும் வராததுமாக என்னைக் கனத்த கையுறை போட்டு ஸ்டோர் பூட்டைத் திறக்கச் சொன்னார். சாவி கீழே விழுந்தது. "பார்த்தீங்களா ஸ்டோர்காரரே? உங்க மேல தப்பே இல்ல" என்று என் தோளைத் தட்டினார். என் மேல் தப்பு என்று யார் சொன்னது?

படிப்புக்கு முன்னால் அவர் இப்படி இல்லை. பத்து வார்த்தையில் சொல்ல வேண்டியதை இரண்டே வார்த்தையில் முடிப்பார்: "கவனம் பத்தல." குழாய் உடைந்தால் கவனம் பத்தல. விரிப்பு கருகினால் கவனம் பத்தல. மகள் பரீட்சையில் கோட்டை விட்டாலும், மனைவிக்குத் தும்மல் வந்தாலும் அதேதான். இப்போது அந்தச் சொல் நாக்கு நுனி வரை வருகிறது, "கவ..." என்று தொடங்கி விழுங்கிக்கொள்கிறார். அவருடைய பாடத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லையாம். ஒருவர் தவறு செய்தால் விசாரணை அங்கே முடியக் கூடாது, அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமாம். மனைவிக்கு இதில் பெரிய வருத்தம். "முன்னாடி ஒரு திட்டு திட்டுவாரு, அதோட போயிடும். இப்ப கண்ணாடி டம்ளர் உடைஞ்சா, ஏன், எப்படி, வெளிச்சம் இருந்துச்சா, கை ஈரமான்னு கேட்டே உயிரை வாங்கறாரு. இதுக்கு அந்தத் திட்டே தேவலை."

கேலி செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் சிவப்புப் பட்டன் விஷயத்தில் எனக்கும் கேலி வரவில்லை.

ரோலர் என்பது ஆள் உயரத்துக்குச் சுழலும் சூடான உருளை. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே விடுவார்கள். ஏதாவது சிக்கினால் நிறுத்துவதற்கு ஒரு சிவப்புப் பட்டன். அது இடப்பக்க இரும்புக் கம்பத்தில், தலைக்கு மேலே இருந்தது. தோளைத் தூக்கி எட்டி அடிக்க வேண்டும். இவர் தன் படிப்பின் செயல்திட்டத்துக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டார். ரோலரில் நிற்கும் எல்லாப் பெண்களின் கை நீளத்தையும் அளந்தார். பட்டனைக் கழற்றி, வலப்பக்கம் இடுப்பு உயரத்தில், கை தானாகப் படும் இடத்தில் பொருத்தினார். எல்லோரையும் கூப்பிட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் சரியாக அழுத்தினார்கள். "நல்லா இருக்குண்ணே, தோளுக்கு நிம்மதி" என்றார் ரோலர் அக்கா. செல்போனில் ஆசிரியரும் பாராட்டினார். அன்று அவர் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ரோலர் அக்கா என்பவர் அந்த இயந்திரத்தில் நீண்ட காலமாக நிற்பவர். அவரைவிட வயதில் மூத்த இஞ்ச் டேப்பும் அக்கா என்பார். அவர் இவரை அண்ணே என்பார். இதில் யாருக்கும் குழப்பமில்லை.

போன மாதம், மதியச் சாப்பாடு முடிந்து வந்த கையோடு அக்கா உள்ளே விட்ட விரிப்புக்குள் மருத்துவமனை மேலங்கியின் நாடா சுருண்டு கிடந்திருக்கிறது. அது அக்காவின் வலது கையுறையைச் சுற்றி உருளையை நோக்கி இழுத்தது. அக்காவின் இடது கை மேலே பறந்தது. பழைய இடத்துக்கு. வெறும் கம்பத்தைப் படார் படார் என்று அடித்தது. எதிரே நின்ற பெண் ஓடி வந்து புதுப் பட்டனை அழுத்துவதற்குள் விரல்கள் வெந்துவிட்டன. கை தப்பியது பெரிய விஷயம்.

மேனேஜருக்குப் பதில் சுலபமாகக் கிடைத்துவிட்டது. புதுப் பட்டன் எங்கே என்று காட்டியிருக்கிறோம், அழுத்தியும் பார்த்திருக்கிறார், அப்புறம் என்ன? தொழிலாளியின் கவனக்குறைவு. அப்படி அறிக்கை எழுதிவிட்டால் அக்கா இனி ரோலரில் நிற்க முடியாது. அழுக்கு பிரிக்கும் அறைக்குப் போக வேண்டும். ரத்தமும் சீழும் படிந்த துணிகளைக் கொட்டிப் பிரிக்கும் இடம் அது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அறிக்கையை ஃபோர்மேனும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால், இவரைத் தனியே கூப்பிட்டு, "படிப்பு முடியற நேரம். உங்க செயல்திட்டம் நல்லபடியா இருக்கட்டும். எதுக்கு வம்பு?" என்றாராம் மேனேஜர்.

பயந்து பேசாமல் இருந்தார் என்று நினைக்க வேண்டாம். அந்த மனிதர் நிஜமாகவே குழம்பிப் போனார். ஆளைக் குறை சொல்லாதே, அமைப்பைப் பார் என்கிறது பாடம். அமைப்பைப் பார்த்தால், அமைத்தது இவர். சரி, என் தப்பு என்று சொல்லலாம் என்றால், இவரும் ஓர் ஆள்தானே? இவரைக் குறை சொல்வதும் பாடத்துக்கு விரோதம். மாலை வகுப்பில் கேட்டிருக்கிறார். "ரொம்ப நல்ல கேள்வி" என்றாராம் ஆசிரியர். விமானக்காரர் பயிற்சி போதாது என்றார். நர்ஸ் நிர்வாகத்தைச் சொன்னார். கார் சீட் பெண், தப்பு என்ற சொல்லே தப்பு என்றாள். வகுப்பு முடிந்தது. எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்துபோனார்கள்.

என்னிடம் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கோர்ட்டுக்குப் போனா கூட யாராவது ஒருத்தர் மாட்டுவாங்க ஸ்டோர்காரரே. எங்க பாடத்துல யாருமே மாட்ட மாட்டேங்கறாங்க. ஆனா அக்கா மட்டும் மாட்டிக்கிட்டாங்க. இது எப்படி?"

எனக்கு என்ன தெரியும்? அக்காவையே போய்ப் பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். கையில் பெரிய கட்டோடு அக்கா கதவைத் திறந்தார். இவர் மன்னிப்புக் கேட்பதா, காரணம் விசாரிப்பதா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். அக்காதான் பேசினார்.

"நீங்க ஏன்ணே வருத்தப்படறீங்க? நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. என் மேலதான் தப்பு. கவனம் பத்தல."

இவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அந்த இரண்டு வார்த்தையை இத்தனை காலமாக அந்த ஆலையில் விதைத்தது யார்? எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது, கொஞ்சம் கோபமும்தான். இதற்கா இவ்வளவு படிப்பு என்று தோன்றியது.

விசாரணை அன்று மேனேஜர் அறிக்கையோடு ரோலர் பக்கமே வந்துவிட்டார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அக்காவின் இடத்தில் வேறொரு பெண். அக்கா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ரோலருக்கு உதிரிப் பாகம் கொண்டுவந்த சாக்கில் நானும் நின்றேன்.

"நீங்கதான் இதைப் படிக்கிறவரு. நீட்டி முழக்காம சொல்லுங்க" என்றார் மேனேஜர். "பட்டன் எங்க இருக்குன்னு இவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் வேற இடத்துல கையை வெச்சா அதுக்குப் பேர் என்ன?"

"அது வந்து சார்... ஒரு வகையில பார்த்தா..." என்று இஞ்ச் டேப் இழுத்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரத்தில் உள்ளே போன விரிப்பு கசங்கிச் சுருண்டு உருளையில் மாட்டியது. விட்டுக்கொண்டிருந்த பெண் "ஐயோ" என்று அலறிப் பின்னால் சாய்ந்தாள். பக்கத்தில் நின்றவர் இவர்தான். பாய்ந்தார். இடது கை மேலே போனது. பட்டனைத் தன் கையாலேயே கழற்றி வேறிடத்தில் மாட்டிய அதே மனிதரின் உள்ளங்கை, தலைக்கு மேலே வெறும் இரும்புக் கம்பத்தில் ஓங்கி அறைந்தது.

எதிர்ப்பக்கத்துப் பெண் வந்து புதுப் பட்டனை அழுத்தினாள். உருளை நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துணி மட்டும் கருகி வாடை வீசியது. எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தன் கையை, யாருடையதோ போல, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு தப்புன்னு எனக்கு இப்பவும் புரியல சார்" என்றார். "ஆனா அவங்க பேரை எழுதறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துக்கோங்க."

மேனேஜர் எழுதவும் இல்லை, பேனாவை மூடவும் இல்லை. அக்காதான் முன்னால் வந்தார்.

"உருளைச் சூட்டுல கம்பம் கொதிக்கும்ணே. கையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. விரல்களை நன்றாக விரித்து, இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.