தலையணைக்கு வைத்த பேர்

போன செவ்வாய்க்கிழமை ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு ஒயர் கூடை. பச்சையும் மஞ்சளும் கலந்து, ஒரு பின்னல் பிசகாமல் அவளே போட்டது. கூடை போடுவதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அதற்குப் பேர் வைப்பதில்தான் குழப்பம்.

"பெரியம்மா, கடைக்குக் குடுக்கப் போறேன். ஒரு பேராச் சொல்லுங்க. சாமி பேரா, புள்ள பேரா, எங்க வீட்ல அவுக பேரா... மூணு நாளா இதே சோலியாத் திரியிறேன்."

என்னிடம் ஏன் வந்தாள்? தலையணைக்குப் பேர் வைத்துப் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். அவசரமில்லை என்றால் கேளுங்கள்.

எழுபத்தைந்து, எழுபத்தாறாம் வருஷ வாக்கில் இருக்கும். நான் வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை தைத்து, போடியில் ஒரு மெத்தைக் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பஞ்சைக் கையால் பிரிப்பேன். கொட்டையைப் பொறுக்குவேன். வெயில் காட்டி, கம்பால் அடித்து, அப்புறம்தான் உறையில் அடைப்பேன். வாயைத் தைப்பதும் கைத்தையல்தான். என் தலையணையில் ஒரு கொட்டை உங்கள் தலையை உறுத்தாது. பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் கடை முதலாளி கூப்பிட்டார்.

"ஆத்தா, மலை மேல ஏலத்தோட்டத்துல ஒன் தலகாணியத்தான் கேக்குறாங்க. நாலு பேரு சரக்கோட கலந்து கெடந்தா நான் எதைன்னு எடுத்துக் குடுப்பேன்? ஒரு பேரு சொல்லு. துணியில அச்சடிச்சு மூலையில தச்சிருவோம். வெள்ளிக்கெழம என் மச்சினன் மதுரைக்குப் போறான், அச்சுக்குக் குடுத்துருவான். அதுக்குள்ள பேரு வரலேன்னா என் கடை பேரைப் போட்டுக்கிருவேன். பொறவு வருத்தப்படாத."

தும்மித் தும்மிப் பஞ்சு அடித்தது நான். பேர் மட்டும் அவர் கடைக்கா?

வீட்டில் கூடிப் பேசினோம். கூடி என்றால் — நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கச்சி. முருகன் பேரை வைக்கலாம் என்றேன்.

"எச்சி ஒழுகுற எடத்துல சாமி பேரா? நல்லா இருக்கு மதினி ஒங்க பக்தி" என்றாள் நாத்தனார்.

மகள் பேரை வைக்கலாமா என்றேன். அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கண்ட பயலும் எம்மக பேருல தலைய வச்சுப் படுக்கவா?"

அதுவும் போயிற்று. கடைசியில் நாத்தனார்தான் தீர்ப்புச் சொன்னாள். "வீட்ல ஆம்பள இருக்கப்ப என்ன யோசன? எங்கண்ணன் பேரையே வச்சிருங்க."

அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். முதலாளி தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மச்சினன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"சொல்லு ஆத்தா, என்ன பேரு?"

வாயைத் திறந்தேன்... அப்போதுதான் உறைத்தது. புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வேன்?

என் வயசுக்காரிகள் யாரும் எங்கள் பக்கத்தில் சொல்ல மாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவரிடமே பக்கத்து வீட்டுக்காரிதான் அவர் பேரைச் சொன்னாள். மூன்று பேர் உட்கார்ந்து அத்தனை நேரம் பேசினோமே — ஒருத்தருக்காவது இது தோன்றியதா?

"எங்க வீட்ல... அவுக பேருதான்" என்றேன்.

"அவுக பேரு என்ன?"

"பழனியில இருக்காருல்ல..."

"பழனிச்சாமியா?"

"இல்ல. கையில வச்சிருப்பாருல்ல..."

"வேலுச்சாமியா? வேலாயுதமா? தண்டபாணியா?"

மூன்றும் இல்லை. மச்சினன் படியிறங்கிவிட்டான். "மாமா, ரயிலு எனக்காக நிக்காது. நம்ம கடை பேரையே எழுதிக் குடுங்க, வெரசா."

முதலாளி பேனாவைத் தாளில் வைத்தார். "இருங்க" என்றேன்.

"வாயால சொல்ல முடியலேன்னா எழுதியாவது குடு" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

இன்றைக்கு எழுத்துக் கூட்டி எழுதி இந்தப் பத்தி வரை வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு சொல். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று ரோஷப்பட்டுக் கற்றுக்கொண்ட கையெழுத்து. அதை எழுதினேன். செல்லத்தாயி.

முதலாளி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஒன் பேருல்ல?"

"தச்சதும் நாந்தான?"

மச்சினன் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

வேறு எழுத்து தெரியாததால் அப்படி ஆகிப்போனது என்றுதான் வீட்டில் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன்... தெரிந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "பொம்பள பேரு மலையெல்லாம் சுத்தப் போகுதாக்கும். எங்கண்ணன் மானம் போச்சு."

அவர் ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி மடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "விடு. நான் தப்பிச்சேன். என் பேர வச்சிருந்தா தேவாரம் ஊரு வரைக்கும் அத்தன பயலும் என் மேல தலைய வச்சுல்ல கொறட்ட விட்டிருப்பான்."

அடுத்த மாசம் தோட்டத்தில் சம்பளம் போடுகிற நாள். அச்சாகி வந்த பேரை மூலையில் தைத்து, முதலாளி சொன்னபடி ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் மேலே போனோம். தார்ப்பாயை விரித்துத் தலையணையை அடுக்கினேன். அவர் தொண்டையைச் செருமினார். ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கூவ ஆரம்பித்தார்.

"செல்லத்தாயி... செல்லத்தாயி தலகாணி... கொட்ட உறுத்தாத செல்லத்தாயி..."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயில் என் பேர் வந்தது அன்றைக்குத்தான். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அடுக்கியதையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மலையாளத்துச் சேச்சி வந்து, "ரெண்டு செல்லத்தாயி தரூ" என்று விரலைக் காட்டினாள்.

அதனால் கூடைக்காரியிடம் சொன்னேன் — பின்னியது யாரோ அவள் பேரை வை. முதலில் உன் வாய்க்கு அது வரட்டும், ஊர் வாய்க்குத் தானாக வரும்.

அன்றைக்கு மலையில் எல்லாம் விற்றுத் தீர்ந்து, ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் அவர் என்னைப் பழையபடிதான் கூப்பிட்டார்: "இந்தா... அந்தத் தண்ணியக் கொண்டா."