பக்கத்தில் இருந்து சார்ஜ் போடுங்கள்

அந்தச் சனிக்கிழமை காலை சௌந்தர் சார் நம் ரிமோட் கார் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி இதுதான்: "நாளைக்கு மண்டபம் காலி. எல்லாரும் பேட்டரியைப் பக்கத்துல இருந்து சார்ஜ் போடுங்க. போட்டுட்டுத் தூங்கப் போயிடாதீங்க." பந்தயத்துக்கு முந்தின நாள் தவறாமல் வரும் செய்தி. நம்மில் ஒருவர் தவறாமல் கொட்டாவி விடும் எமோஜி பொம்மை ஒன்றைப் பதிலாகப் போடுவார். அன்று போட்டவன் நான். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பொம்மைக்கு நேர் கீழே, அதே எண்ணிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அவருடைய மைத்துனர் அடித்திருந்தார். சௌந்தர்ராஜன் இன்று காலை மாரடைப்பால் காலமானார், உடல் சேலையூர் வீட்டில் வைக்கப்பட்டிருக்கிறது.

சாவுச் செய்தி கேட்டவனுக்கு முதலில் வரவேண்டியது துக்கம். எனக்கு வந்தது பேட்டரி. மனுஷன் காலையில்தான் சார்ஜ் போடச் சொல்லி எழுதியிருக்கிறார், அப்படியென்றால் அவரும் போட்டிருப்பார். போட்டவர் இப்போது இல்லை. அது யார் கண்ணிலும் படாமல் மேஜைக்கு அடியில் இன்னும் ஏறிக்கொண்டிருந்து தீப்பிடித்தால்? வீடு நிறையச் சனம் இருக்கும், தலைமாட்டில் விளக்கு எரியும். குரோம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் போனவன், கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது போன் பண்ணிக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். என்னவென்று கேட்பது? அப்பா போய்விட்டார் என்று அழுகிறவர்களிடம், சார்ஜரைப் பிடுங்கினீர்களா என்றா? பொருளைக் கேட்கிறான் பார் என்று நினைத்துக்கொள்வார்கள். போனை எடுத்து மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டேன்.

மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்ததும் என் கண் போனது அவர் முகத்துக்கு இல்லை, கூடத்தின் மூலையில் இருந்த அவருடைய மேஜைக்கு. சார்ஜரின் வயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி அங்கே இல்லை. பால்கனிக் கதவு வழியாகப் பார்த்தால், ஆபத்தான பேட்டரியைப் போட்டு மூட அவர் வைத்திருந்த மணல் பானை மூடி போட்டு இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சுக்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. யார் பிடுங்கினார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சாரை நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வெளியே அறிந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் ரிமோட்டில் ஓடும் கார்களைக் கட்டி, மாற்றி, ஓட்டுகிறவர்கள். ஒரு முழத்துக்குக் குறைவான நீளம், பிளாஸ்டிக் அடித்தட்டு, நான்கு சக்கரமும் இழுக்கும். புதிதாக வருகிறவர்கள் வாங்கும் வகைதான், அதையே நாங்கள் பல வருடமாக வைத்து மாரடிக்கிறோம். ஓட்டுவது முடிச்சூர் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில். அதனால் எங்கள் பந்தய நாட்களைப் பஞ்சாங்கம்தான் முடிவு செய்யும். முகூர்த்த நாளென்றால் நமக்கு விடுமுறை. ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு சீசன். ஊரே ஆடி எப்போது முடியும் என்று காத்திருக்க, நாங்கள் மட்டும் ஐயோ முடிகிறதே என்று வருத்தப்படுவோம். மண்டபத்து மேனேஜரிடம் பேசித் தேதி வாங்குவது சாரின் வேலை.

பிழைப்புக்கு அவர் ஒரு தனியார் பள்ளியில் பஸ்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். சாயங்காலம் எல்லா வழித்தடத்திலும் கடைசிப் பிள்ளை இறங்கிவிட்டதா என்று டிரைவர்கள் போன் பண்ணிச் சொல்லும்வரை வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவரோடு நான் பேரிங் தேடியிருக்கிறேன். பழைய சாமான் குவியலில் ஒரு கை, காதில் போன் பிடித்தபடி ஒரு கை. படப்பைப் பக்கம் போகும் பஸ் மழையில் மாட்டிக்கொண்டது என்று தகவல். கையிலிருந்த பேரிங்குகளை அப்படியே போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றார். பிள்ளைகள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்து அவர் திரும்புவதற்குள் கடைக்காரர் கடையைக் கட்டிவிட்டார். "பேரிங் அடுத்த வாரமும் கெடைக்கும் ரமேஷ்" என்றார். அவருடைய காருக்கு அடித்திருந்த நிறமும் பள்ளி பஸ்ஸின் மஞ்சள்தான்.

நாம் எல்லோரும் வேகத்துக்காக மோட்டாரை மாற்றுவோம். அவர் பிரேக்கைத் திருத்திக்கொண்டிருப்பார். கேலி பண்ணினால், "ஓடுறது எல்லா வண்டியும் ஓடும். நிக்கச் சொன்னா நிக்கணும்" என்பார். காரோடு வந்த பேட்டரி இணைப்பு லூசாக இருக்கிறது என்று வெட்டி எறிந்துவிட்டு, சிவப்பு நிறத்தில் இறுக்கமான ஒன்றைப் பற்றவைத்தார். அதைக் கழற்றுவதற்குள் நமக்கு விரல் சிவந்துவிடும். ஒரு தரம் அவர் கடைசிச் சுற்றில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார், அவர் வாழ்க்கையிலேயே அப்படி வந்தது அன்றுதான். வாட்ச்மேனின் மனைவி குடத்தோடு பாதையின் அந்தக் கோடியில் குறுக்கே இறங்கினார். கார்கள் அங்கே வருவதற்குள் அந்தம்மா கடந்து போயிருப்பார், எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. சார் காரை நடுப்பாதையில் நிறுத்திவிட்டார். மூன்று கார்கள் அவரைத் தாண்டிப் போயின. "தெரிஞ்சிருந்தாலும் கை கேக்கல" என்றார். அவருக்கு வருத்தமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன ஆடியில் நடந்ததைக் குழுவில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவரிடம் இரண்டு வகை பேட்டரி இருந்தது. ஒன்று பழைய வகை, கனமானது, எவ்வளவு படுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். இன்னொன்று தட்டையான புது வகை, லேசானது, சக்தி அதிகம், ஆனால் அளவுக்கு மேல் ஏறினால் உப்பித் தீப்பிடிக்கும். சார்ஜரில் இரண்டுக்கும் தனித்தனி செட்டிங் உண்டு. சரியான செட்டிங்கில் போட்டால் நிரம்பியதும் தானே நின்றுவிடும். புது வகையைப் பழைய வகையின் செட்டிங்கில் போட்டால் எங்கே நிற்பதென்று அதற்குத் தெரியாது. அன்று யாரோ அடுத்த தேதியைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுக்க, அவர் கை தப்பாக அமுக்கிவிட்டது. பேட்டரி அப்பளமாக உப்பியதைக் கண்டதும் கம்பால் தள்ளிக்கொண்டுபோய் மண்டபத்தின் மணல் குவியலில் போட்டார். அது எரிந்து முடியும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. "எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல" என்றார் அன்று.

அதற்கப்புறம்தான் பால்கனியில் அந்த மணல் பானை வந்தது. வீட்டம்மாவுக்கும் பயிற்சி கொடுத்தார். கௌரியம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாங்கள் ஒரு தரம் வீட்டுக்குப் போயிருந்தபோது, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாய்ப்பாடு மாதிரி எங்களிடம் ஒப்பித்தார்: பிளக்கைப் பிடுங்கு, பேட்டரியைக் கழட்டு, பானையில போடு, மூடு. சாரும் கூடவே சிரித்தார், ஆனால் மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கௌரியம்மா கூப்பிட்டார். வந்து அவர் சாமான்களை என்ன பண்ணுவது என்று சொல்லுங்கள் என்றார். போனேன். மகன் பிரசன்னா பெங்களூருக்குத் திரும்பாமல் இருந்தான். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவர், சாமான்களைப் பற்றிப் பேசவில்லை. அன்று காலை நடந்ததைச் சொன்னார்.

சார் சார்ஜ் போட்டுவிட்டு வழக்கம்போலப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு மாதிரி இருக்கிறது என்று நெஞ்சில் கை வைத்தாராம். கௌரியம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடியபோது, சார் வேண்டாம் என்று தலையை ஆட்டி சார்ஜரைக் காட்டியிருக்கிறார். அது கிடக்கட்டும் என்றதற்கு, அவரே எழுந்திருக்கப் பார்த்தாராம்.

"எழுந்திருக்க விடக் கூடாதுன்னுதான் நான் போனேண்ணா. பிளக்கைப் புடுங்கிட்டேன். அந்தச் சிவப்பு பின்னு வரவே இல்ல. பல்லால கடிச்சு இழுத்தேன். பானையில போட்டு மூடிட்டுத் திரும்பி வந்தா, சேர்ல சாஞ்சுட்டார். அப்புறம்தான் போன் பண்ணேன்."

கொஞ்சம் முன்னாலேயே போன் பண்ணியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். "டாக்டருங்க எல்லார்கிட்டயும் அதத்தானே சொல்வாங்க" என்றார் கௌரியம்மா. பிரசன்னா தலையைக் குனிந்துகொண்டான். இழவு வீட்டில் யாரோடோ பேசும்போது, இப்போதெல்லாம் சார்ஜர் தானாகவே நின்றுவிடுமே என்று அவன் வாய்தவறிச் சொல்லியிருக்கிறான். அம்மா காதில் விழுந்துவிட்டது.

"நீங்க சொல்லுங்கண்ணா. அது தானா நின்னுருக்குமா?"

இத்தனை வருடத்தில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு பெரிய கேள்வி கேட்டதில்லை. பானையைத் திறந்து பார்த்திருந்தேன், அந்தப் புது வகை பேட்டரிதான், உப்பவில்லை. உப்புவதற்கு முன்பே எடுத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"செட்டிங் சரியா இருந்தா நின்னுருக்கும்மா. மாறி இருந்தா நின்னுருக்காது."

"எது இருந்துச்சுன்னு இப்பத் தெரியுமா?"

தெரியும். அதுதான் கொடுமை. அந்தச் சார்ஜர் கடைசியாகப் போட்ட செட்டிங்கை ஞாபகம் வைத்திருக்கும். மின்சாரம் கொடுத்தால் முதலில் திரையில் வருவது அதுதான். சரியான செட்டிங் என்று வந்தால், சார் காட்டியது வெறும் பயத்தில், இந்தம்மா ஓடியதும் கடித்ததும் எதற்காகவும் இல்லை. தப்பான செட்டிங் என்று வந்தால், தான் மறுபடி தப்பு பண்ணிவிட்டதை அவர் நெஞ்சுவலிக்கு நடுவில் கவனித்திருக்கிறார், இந்தம்மா வீட்டையே காப்பாற்றியிருக்கிறார். சொன்னேன், ஒளிக்காமல் சொன்னேன். பிரசன்னா எழுந்து வயரைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போய் நின்றான்.

"வேணாம்டா" என்றார் கௌரியம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எடுத்துட்டுப் போங்கண்ணா. இங்க இருந்தா நான் போட்டுப் பாத்துடுவேன். யாருக்கும் குடுத்துடாதீங்க, நீங்களும் போட்டுப் பாக்காதீங்க. என்னிக்காவது எனக்குத் தைரியம் வந்தா கேப்பேன். அன்னிக்கு என் எதிர்ல போடுங்க."

மஞ்சள் காரை மண்டபத்து மேனேஜர் கேட்டு வாங்கி, தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். பானை என் பால்கனிக்கு வந்துவிட்டது. அந்தப் பேட்டரியைக் காலி செய்து பாதுகாப்பாகக் கழித்துவிட்டேன். சார்ஜர் என் பீரோவில், துணிகளுக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் யாராவது தெரியாமல் எடுத்துச் செருகிவிடக் கூடாதே என்று பிளக்கின் மூன்று கால்களையும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைத்திருக்கிறேன். அப்படியும் வாரம் ஒருமுறை கதவைத் திறந்து டேப் இருக்கிறதா என்று பார்க்கிறேன். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் சௌந்தர் சார் வியாதி வந்துவிட்டது என்கிறாள். வந்துவிட்டதுதான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான் போலிருக்கிறது. இப்போது சார்ஜ் போட்டால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் குழுவில் அவருடைய வாசகத்தை எழுத்து மாறாமல் நான் போடுகிறேன். கொட்டாவி பொம்மை இப்போதெல்லாம் வருவதில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று கௌரியம்மாவிடம் கேட்டேன். எழுதுங்கள், எல்லாரும் பக்கத்தில் இருந்து சார்ஜ் போடட்டும் என்றார்.

அவர் பெயர் போனில் வரும்போதெல்லாம் இன்றைக்குத்தான் சார்ஜரைக் கேட்கப்போகிறார் என்று நினைக்கிறேன். நேற்றும் வந்தது. மணி அடித்து முடியும் நேரத்தில்தான் எடுத்தேன். மண்டபத்து ஆட்கள் காரை வெயிலில் வைத்துவிட மாட்டார்களே, மஞ்சள் வெளுத்துவிடுமே என்று கேட்டார். கண்ணாடிக்குள்தான் இருக்கிறது, வெயில் படாது என்றேன். சரிண்ணா என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்கு வேணாம்ணா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.