சாணிக் குவியலில் பூத்த காளான்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தபோது, வேலையாட்களுக்குப் பன்னிரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டவன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு.

மழை விட்ட ஒரு காலையில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சாணிக் குவியலில் காளான் பூத்திருந்தது. பறித்து வறுத்தேன். முதல் அறையில் குடியிருந்த திருநெல்வேலிச் செல்வம் எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, புத்துக்காளான்னா திங்கலாம். சாணியில மொளச்சத எங்கூர்ல தொடமாட்டாவ."

"உங்கூருக்கு இன்னாடா தெரியும்? நான் காளான் துன்னே வளந்தவன்" என்று ஒரு தட்டு தின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சுவர் மூச்சுவிட்டது. வாசலுக்கு வந்தால் ரோடெல்லாம் ஏரித் தண்ணீர். லாரிகள் படகாக மிதந்தன. குளிக்கப் போவதாகக் கத்திக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். செல்வம் ஓடிவந்து இடுப்பைக் கட்டி இழுத்தான். கையைக் கடித்தேன், விடவில்லை. அவனுடைய கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தெளிந்தேன். புத்தியைக் கலக்கும் காளானாம்; உயிரோடு இருப்பதே பெரிது என்றார் டாக்டர். பக்கத்தில் செல்வம், கையில் என் பல் தடத்தோடு.

"தண்ணி சில்லுனு இருந்துச்சா, அண்ணாச்சி?"

அவன் ஊர் திரும்பி வருடங்களாகின்றன. நான் இன்னமும் பெருமை பேசுகிறேன். ஆனால் யாராவது 'வேண்டாம்' என்றால், பேச்சை நிறுத்தி ஏன் என்று கேட்கிறேன்.