சித்தேரியிலிருந்து ஒரு சென்டர் ஃபார்வர்டு

யோசனை தோன்றிய இடம் தொப்பூர் கணவாய். எண்பத்து மூன்றாம் வருஷம் அக்டோபர், ஒரு ஞாயிறு மாலை ஐந்தரை மணி. சேலத்தில் பெண்கள் ஹாக்கி லீக்கின் இரண்டாம் டிவிஷனில் நான்கு கோல் வாங்கிக்கொண்டு தருமபுரிக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவில் ஒரு லாரி மூட்டைகளோடு படுத்துவிட்டது. முன்னால் நாற்பது வண்டி, பின்னால் எத்தனை என்று தெரியவில்லை. எங்கள் அணியில் பாதிப் பேர் இறங்கி வறுகடலை வாங்கப் போய்விட்டார்கள். நான் இறங்கவில்லை. மட்டையைக் கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் மட்டையைப் பார்த்தார். "ஹாக்கிங்களா? ஜெயிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அது மொகத்தப் பாத்தாவே தெரியுது. சும்மா கேட்டன்."

அவர் பெயர் அருள்ராஜ். கோவிலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். சித்தேரி மலையில் பள்ளிக்கூட வாத்தியார். லாரியை நிமிர்த்தும் வரைக்கும் பேசுவதற்கு அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

"எங்க மலையில ஒரு பொண்ணு இருக்குதுங்க. பச்சையம்மான்னு பேரு, பதினாறு வயசு. பந்து அது குச்சியில ஒட்டிக்கும். நாலு பசங்க சேந்து புடுங்கினாலும் வராது."

"கோல் போடுமா சார்?"

"என்னாங்க இப்பிடிக் கேக்கறீங்க? அதுக்கு வேற வேலையே இல்ல."

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். எங்கள் கிளப்புக்கு இன்னும் இரண்டு ஆட்டம்தான் பாக்கி. கடைசி ஆட்டத்தன்று மண்டலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற நான் மூன்று வருஷமாக சென்டர் ஹாஃபாக ஆடுகிறேன். எதிரணி அடித்து விரட்டுகிற பந்தை நடுவில் நின்று மறித்து முன்வரிசைக்குத் திருப்புகிற இடம் அது. முன்னால் கோல் போட ஒருத்தி இருந்தால்தான் நான் திருப்புவது யார் கண்ணிலாவது படும். என் பெயரும் அந்த முகாம் பட்டியலில் ஏற வேண்டும் என்ற ஆசையை இங்கே மறைப்பானேன்?

சனிக்கிழமை, காலை 6.10. தருமபுரி பஸ் நிலையத்தில் அரூர் பஸ். கட்டணம் மூன்றரை ரூபாய். மொரப்பூர் ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் நின்றோம். அரூரில் எட்டே காலுக்கு மலை பஸ். உப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின், கால் கட்டிய கோழிகள் எல்லாம் ஏறிய பிறகு ஆட்கள் ஏறினார்கள். என் கையில் இரண்டு மட்டைகளைப் பார்த்த கண்டக்டர், "மாடு ஓட்டவாம்மா? குச்சி அங்கயே நெறைய கெடைக்குமே, இதுக்கு எதுக்கு லக்கேஜ்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

காலை 10.20, சித்தேரி. குளிர் இன்னும் போகவில்லை. மலையின் மடிப்புகளிலெல்லாம் சாமை விளைந்து பழுப்பேறியிருந்தது. அருள்ராஜ் சார் என்னை நேரே மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மைதானம் என்றால் அது ஒரு சரிவு. மேல் கோடியிலிருந்து கீழ் கோடிக்கு ஒரு குடத்தை விட்டால் நிற்காமல் உருண்டு போகும். மேல்பக்கம் இரண்டு மூங்கில் நட்டு ஒரு கோல். கீழ்ப்பக்கம் கோல் கிடையாது, யாரோ ஒருவரின் சாமை வயல்தான். பந்து வயலுக்குள் போனால் கடைசியாக அதைத் தொட்டவர் போய் எடுத்து வர வேண்டும். வயல்காரரின் வாய்க்குப் பயந்து யாரும் கீழ்நோக்கி அடிப்பதே இல்லையாம். ஒரு அணி பத்து நிமிஷம் மேலே ஏறி அடிக்கும், அடுத்த அணி அடுத்த பத்து நிமிஷம்.

வெறுங்காலோடு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காட்டில் வெட்டிய வளைகொம்பால் ஆடிக்கொண்டிருந்தாள் பச்சையம்மாள். மூன்று பையன்களை ஏமாற்றிவிட்டு மேலே ஏறினாள். ஓங்கி அடித்தாள். அடித்த கையோடு முதுகைக் காட்டித் திரும்பிக் கீழே ஓடினாள். பந்து மூங்கிலில் பட்டு உருண்டு வந்தது; வந்த இடத்தில் அவள் நின்றாள்; மறுபடி அடித்தாள். கோல். அரை மணி நேரத்தில் பதினோரு கோல்! என் புத்திக்கு அந்தப் பதினொன்று மட்டும்தான் ஏறியது.

அவளுடைய அம்மா குப்பாயி களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முறத்தை நிறுத்தாமலே கேட்டார்.

"ரெண்டு ஞாயித்துக்கெழமன்னா சரி. அதுக்கு மேல ஆவாது கண்ணு. காப்பித் தோட்டத்து மேஸ்திரி வந்துருவாரு. அண்ணங்காரனோட இவளும் குடகுக்குப் போவணும்."

"முகாம்ல எடுத்துட்டாங்கன்னா போக வேணாங்க. சேலத்துலயே தங்க வச்சு, சோறு போட்டு, படிக்கவும் வைப்பாங்க."

"எடுக்கலன்னா?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "நானும் வர்றன். பொட்டப்புள்ளயக் குச்சியக் குடுத்து அனுப்பிட்டு நான் இங்க என்னா பண்றது?"

பிற்பகல் 3 மணி பஸ்ஸில் மூவரும் மலையிலிருந்து இறங்கினோம். ராத்திரி எங்கள் வீட்டில் தங்கல். என் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு பச்சையம்மாள் கூடத்தில் நடந்து பார்த்தாள். "கால் செத்துப்போன மாதிரி இருக்குதுங்கக்கா" என்றாள்.

ஞாயிறு, காலை 7.00. தருமபுரியிலிருந்து சேலம் அறுபத்தைந்து கிலோமீட்டர். அதியமான்கோட்டை தாண்டியதும் எங்கள் கேப்டன் லில்லியிடம் புதுப் பெண்ணைப் பற்றி ஆரம்பித்த நான் சேலம் வரும் வரைக்கும் நிறுத்தவில்லை. லில்லி தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவள், எதையும் முத்திரை குத்திப் பார்த்துத்தான் நம்புவாள். "பதினோரு கோலா? எண்ணுனது நீயா, வாத்தியாரா?" என்று மட்டும் கேட்டாள்.

10.30, ஆட்டம். பச்சையம்மாளை சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினோம். ஐந்தாவது நிமிஷம் பந்தை வாங்கி இரண்டு பேரைத் தாண்டினாள். லில்லி என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பச்சையம்மாள் அடித்தாள். கோல்கீப்பரின் காலில் பட்டு, மூன்றடி தள்ளி, பந்து சும்மா கிடந்தது. ஒரு தட்டு தட்டினால் கோல். தட்ட வேண்டியவள் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தாள்!

"என்னாடி இவ, வூட்டுக்குப் போறாளா?" என்று கத்தினாள் லில்லி.

இதேபோல் இன்னொரு முறை. அப்புறம் இன்னொரு முறை. ஷூ கடிக்கிறதோ, கூட்டத்தைப் பார்த்துப் பயமோ, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதாததற்குக் கோட்டோரத்தில் குப்பாயியம்மா எழுந்து நின்று, "கீழ வா புள்ள! கீழ வா!" என்று கூவிக்கொண்டிருந்தார். அது தண்ணீர் மட்டம் பார்த்துச் சமப்படுத்திய மைதானம். அங்கே கீழ் எது, மேல் எது?

இடைவேளையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அடிச்சிட்டு எதுக்குத் திரும்பி ஓடற?"

"பந்து வருமில்லீங்க?"

"எங்க வந்துது? அங்கயே கெடக்குதே!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கையிலிருந்த பந்தைத் தரையில் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே காத்திருந்தாள். பந்து அசையவில்லை. இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தாள்.

"இங்க நிக்குதுங்களே அக்கா" என்றாள்.

சித்தேரியில் அவ்வளவு நேரம் நின்று பார்த்தவள் நான். அந்தச் சரிவையும் பார்த்தேன், பந்து உருண்டு வந்ததையும் பார்த்தேன். பதினோரு கோலில் பாதியைச் சரிவுதான் திருப்பிக் கொடுத்தது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. படித்த பெண் என்று பெயர்.

"இனிமே அடிச்சா அங்கயே நில்லு" என்று சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டினாள். ஆனால் கால் கேட்கவில்லை. இரண்டு நொடி நிற்பாள், அப்புறம் ஓடி வந்துவிடுவாள். முன்னால் ஆள் இல்லாமல் எங்கள் அணி தடுமாறியது. எதிரணிப் பின்வரிசைக்காரி பந்தை ஓங்கி அடித்து விரட்டினாள். அது எனக்கு இடப்புறம் விழும் என்று கணித்து நான் ஓடினேன். அங்கே பச்சையம்மாள் ஏற்கெனவே நின்றிருந்தாள். அடுத்தது வலப்புறம் போனது. அங்கேயும் அவள்தான். எனக்கு எரிச்சல் வந்தது.

"ஏன் என் எடத்துக்கு வர்ற?"

"பந்து இங்கதான வருதுங்க?"

ஏழு முறை மறித்தாள். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. ஆட்டம் முடிந்தது. கோல் போட வந்தவள் ஒரு கோலும் போடவில்லை. இந்த வருஷம் முதன்முறையாக நாங்கள் ஒரு கோலும் வாங்கவில்லை. இதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் எல்லாரும் வாழைப்பழம் தின்றோம்.

மாலை 4.15, திரும்பும் பஸ். குப்பாயியம்மா ஜன்னலோரம் இருந்தார். "ஏம்மா, எடுத்துக்குவாங்களா?"

"தெரியலீங்க."

"நேத்து எல்லாந் தெரிஞ்ச மாதிரி பேசுன?"

முன் இருக்கையிலிருந்து லில்லி திரும்பினாள். "முன்னால நிக்க வச்சா அந்த முகாம் ஆளு சிரிச்சிட்டுப் போயிருவாரு. பின்னால போடு."

"பின்னால எங்க?"

"அத நான் வேற சொல்லணுமா?" என்றவள் என் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அம்மாவையும் மகளையும் அரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை அவர்களாகவே வந்துவிடுவார்கள். ஷூவை நியூஸ் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் பச்சையம்மாள். போட்டுப் பழகப்போகிறாளாம், அந்தச் சரிவில்.

இதை எழுதுவது வியாழக்கிழமை. எங்கள் ஊர் மைதானம் பலகை மாதிரி தட்டையானது. பந்து எங்கே நிற்கும் என்று நாங்கள் யாரும் அங்கே யோசித்ததே இல்லை. நின்ற இடத்துக்குப் போய்த்தான் அடித்துப் பழக்கம். பந்து நிற்காத ஊரில் ஆடினவளுக்கு அது போய்ச் சேருகிற இடம் முன்கூட்டியே தெரிகிறது. இது திறமையா, வெறும் பழக்கமா? ஒரே ஆட்டத்தை வைத்து நான் சொல்வது சரியா? நாலு நாளாக யோசிக்கிறேன், தெளியவில்லை. சித்தேரிக்கு நான் போனது எனக்கு உதவ ஒருத்தியைத் தேடித்தான். அவளை முகாம்காரர் கண்ணில் காட்ட வேண்டுமென்றால் அவள் நிற்க வேண்டியது என் இடத்தில். காட்டாவிட்டால் குடகு.

கடைசி ஆட்டத்தில் யார் எங்கே நிற்பது என்று பட்டியல் எழுதுவது என் வேலை; நாளை மாலைக்குள் லில்லியிடம் கொடுக்க வேண்டும். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. நாலாவது தாளில் சென்டர் ஹாஃப் என்பதற்கு எதிரே பச்சையம்மாள் என்று எழுதி, கிழிக்காமல் வைத்திருக்கிறேன். சென்டர் ஃபார்வர்டுக்கு எதிரே என் பெயர். வாழ்க்கையில் இதுவரை நான் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. இன்று நாலரை மணிக்கு எங்கள் கோல்கீப்பரை மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அடித்த பிறகு முன்னால் ஓட வேண்டும். முதலில் அதைச் செய்து பார்க்கிறேன்.